நுழைவுச்சீட்டில் வில்கமுவவுக்கும் பங்கு வேண்டும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடர் சரிந்து உலர்வலயத்தைத் தொடும் இடத்தில் இருக்கிறது வில்கமுவ பிரதேச செயலாளர் பிரிவு. அதன் எல்லையை ஒட்டி, கிழக்கே மகாவலி கங்கையும் மேற்கே அம்பன் கங்கையும் அரணாக நிற்க, வஸ்கமுவ தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. 350 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான காடு இது. நடுவே சுது கந்த என்னும் மலைமுகடு எழுந்து நிற்கிறது. யானை, சிறுத்தை, மரை, புள்ளிமான், குரங்கினங்கள் என்று இலங்கைக் காட்டின் பெரும்பாலான முகங்களை இங்கே காணலாம். கரடிக்கும் இது பேர்போன இடம். கரடியைக் குறிக்கும் ‘வலஸ்’ என்ற சிங்களச் சொல்லிலிருந்தே வஸ்கமுவ என்ற பெயர் வந்தது என்பார்கள். யால பூங்காவைப் போல ஜீப் வண்டிகள் வரிசைகட்டி முண்டியடிக்காத இடம் என்பதால், அமைதியை நாடும் பயணிகள் ஹெட்டிபொல வழியாக இங்கே வருகிறார்கள். மலையடிவாரத்துப் புல்வெளியில் குட்டிகளோடு மேயும் யானைக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, அந்தி சாயும் முன் மனநிறைவோடு திரும்புகிறார்கள்.

அவர்கள் திரும்பும் நேரத்தில்தான் வில்கமுவ விவசாயியின் வேலைநாளின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. பெரும்போக நெல் கதிர் முற்றும் நாட்களில் ஆண்கள் வீட்டில் உறங்குவதில்லை. வயலோர மரத்தில் கட்டிய பரணில், மின்சூளும் யானை வெடியுமாக விடியும்வரை விழித்திருக்கிறார்கள். அறுவடை முடிந்து நெல்மூட்டை வீட்டுக்குள் வந்ததும், ஆபத்தும் அதன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. நெல்லின் வாசனை பிடித்து வரும் தனி ஆண்யானைக்கு ஒரு செங்கல் சுவர் பெரிய தடையே இல்லை. வயல் அழிந்தால் அதற்கு ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. கெட்ட தூக்கத்துக்கும், யானைக்குப் பயந்து வாழையும் தென்னையும் நடாமல் விட்ட தோட்டத்துக்கும், இருட்டிவிடும் என்று மாலை வகுப்புக்குப் போகாமல் நின்ற பிள்ளையின் படிப்புக்கும் எந்தத் திணைக்களமும் கணக்கு வைத்திருப்பதில்லை.

ஒரே யானைக் கூட்டம் பகலில் ஒருவருக்குக் கண்கொள்ளாக் காட்சியாகவும் இரவில் இன்னொருவருக்கு உயிர்ப்பயமாகவும் இருக்கிறது. காட்சியைக் காண்பவர் தரும் பணம் பூங்கா வாயிலில் வசூலாகிறது. பயத்தோடு வாழ்பவர் தரும் விலையோ எந்த வாயிலிலும் பதிவாவதில்லை. இந்த இரண்டையும் சட்டத்தால் இணைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். தேசியப் பூங்காக்களின் நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு நிலையான பங்கு, அவற்றின் எல்லையில் யானையோடு வாழும் கிராமங்களுக்கு உரிமையாகச் சேர வேண்டும். அதைத் தானமாகவோ, தேர்தல் கால வாக்குறுதியாகவோ கொடுத்தால் போதாது. அந்தப் பங்கு இல்லாதவரை, வனவிலங்குச் சுற்றுலாவை இயற்கைப் பாதுகாப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

மனிதருக்கும் யானைக்கும் இடையிலான இந்தப் பிணக்கு எவ்வளவு பெரியது என்பதை நாடு முழுவதற்குமான எண்கள் சொல்கின்றன. 2011-இல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம் எடுத்த கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 காட்டுயானைகள் இருந்தன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட யானைகளும் 120-க்கும் மேற்பட்ட மனிதர்களும் மாண்டார்கள். 2023-இல் அது இன்னும் மோசமாகி, 450-க்கும் மேற்பட்ட யானைகளும் 160-க்கும் மேற்பட்ட மனிதர்களும் பலியானார்கள். துப்பாக்கிச் சூடு, சட்டவிரோத மின்கம்பி, பழத்துக்குள்ளும் காய்க்குள்ளும் மறைத்து வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ வெடி ஆகியவை யானைகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் சில. வாய் கிழிந்த குட்டியானை தின்ன முடியாமல் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாவதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அந்த வெடியை வைக்கும் நிலைக்கு ஓர் ஏழை விவசாயி எப்படி வந்தார் என்பதையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும். யானை உயிரோடிருப்பதால் அவருக்கு ஒரு சதமும் கிடைப்பதில்லை. இழப்பு மட்டுமே கிடைக்கிறது. இந்த நிலையில் அவரிடம் கருணையை மட்டும் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வில்கமுவவில் மனிதரும் யானையும் நெருக்கியடித்து வாழ வேண்டி வந்ததும் தற்செயலாக நடந்ததல்ல. மினிப்பே இடதுகரைக் கால்வாயின் நீர் பாயும் வயல்கள் இவை. குளமும் கால்வாயும் இந்த மண்ணுக்குப் புதியவையுமல்ல. இன்று பூங்காவுக்குள் அடர்ந்து கிடக்கும் காட்டிலேயே பழைய நீர்ப்பாசன வேலைகளின் சிதைவுகள் இருக்கின்றன. கடந்த நூற்றாண்டின் குடியேற்றத் திட்டங்களும், 1970-களின் இறுதியில் தொடங்கிய துரித மகாவலித் திட்டமும் ஆற்றங்கரைக் காடுகளைப் பெருமளவில் விளைநிலமாக்கின. அப்போது இடம்பெயர்ந்த விலங்குகளுக்குப் புகலிடம் வேண்டும் என்பதற்காகத்தான் வஸ்கமுவ 1984-இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் அம்பன் கங்கைக்குக் குறுக்கே மொரகஹகந்த அணை எழுந்தது. 2017-இல் நீர் நிரப்பத் தொடங்கியபோது யானைகளின் பழைய மேய்ச்சல் நிலமும் வழித்தடமும் நீருக்கடியில் போயின. அந்த நீர் கோடையிலும் மின்னேரியாக் குளத்தை நிறைத்து வைத்ததால், குளம் வற்றும்போது முளைக்கும் புல்லை நம்பி அங்கே நூற்றுக்கணக்கில் கூடிய யானைகளின் கூட்டமும் குறைந்துபோனது. இந்த முடிவுகள் எல்லாம் கொழும்பில் எடுக்கப்பட்டவை. நீரின் பயன் நாட்டுக்குக் கிடைத்தது. யானையின் பசியை மட்டும் எல்லைக் கிராமம் தனியே சுமக்கிறது.

யானையைப் பூங்காவுக்குள் அடைத்து வேலி போட்டுவிட்டால் தீர்ந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அரசும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியது. நாடெங்கும் 4,000 கிலோமீற்றருக்கும் அதிகமான மின்வேலி போடப்பட்டிருக்கிறது. ஆனால் யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் நாடு தழுவி நடத்திய ஆய்வு, இலங்கையின் நிலப்பரப்பில் சுமார் 60 வீதத்தில் யானை நடமாடுகிறது என்றும், அந்த நிலத்தின் 69 வீதத்தில் மனிதரும் வசிக்கிறார்கள் என்றும் காட்டியது. அதாவது யானையின் வீடு பூங்கா மட்டுமல்ல. சேனை நிலமும் குளக்கரையும் ஊரோரக் காடும் சேர்ந்ததே அதன் வீடு. வேலிகளில் பல, யானை வாழும் எல்லையில் போடப்படாமல், வனஜீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனத் திணைக்களத்தின் நிலத்துக்கும் இடையிலான நிர்வாக எல்லையில் போடப்பட்டன. வேலிக்கு இருபுறமும் யானை நின்றால் அந்த வேலி யாரைக் காக்கும்? இந்த உண்மையை ஏற்றுக்கொண்டால் அடுத்த முடிவும் தவிர்க்க முடியாதது. பயணி பூங்காவுக்குள் கண்டு களிக்கும் யானையை ஆண்டின் ஒரு பகுதியில் ஊட்டி வளர்ப்பது வில்கமுவ விவசாயியின் நிலம்தான். அந்த நிலத்துக்கு வாடகை உண்டு. அதை இதுவரை யாரும் கட்டவில்லை.

வாடகை கட்டிய நாடுகள் இருக்கின்றன. நேபாளம் 1990-களில் தன் தேசியப் பூங்காச் சட்டத்தைத் திருத்தி, பூங்காக்களைச் சுற்றி இடைவலயங்களை அறிவித்தது. பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 வீதம்வரை அந்த வலயத்து மக்களின் பயனர் குழுக்கள் வழியே செலவிட வேண்டும் என்று விதி செய்தது. காண்டாமிருகமும் புலியும் வாழும் சித்வானைச் சுற்றியுள்ள ஊர்கள் இதனால் பயன் கண்டன. உகண்டாவில் பூங்கா நுழைவுக் கட்டணத்தின் 20 வீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போகிறது. மலைக்காடுகளில் கொரில்லாக்களைப் பார்க்க வருவோரை நம்பியிருக்கும் ருவாண்டா, 2017-இல் அனுமதிச்சீட்டின் விலையை 1,500 அமெரிக்க டொலராக இரட்டிப்பாக்கியபோது, அயல்கிராமங்களின் பங்கையும் 5 வீதத்திலிருந்து 10 வீதமாக உயர்த்தியது. இவை நம்மைவிடச் செல்வம் குறைந்த நாடுகள். அவற்றால் முடிந்தது நம்மால் முடியாது என்று சொல்வதற்கு இடமில்லை.

இன்னும் அருகில், மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகத்தில் ஒரு காலத்தில் காட்டுக் கறுவாப் பட்டையைத் திருடி விற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். 1990-களின் இறுதியில், உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், அவர்கள் மீதிருந்த வழக்குகள் விலக்கப்பட்டு, அவர்களே பயணிகளைக் காட்டுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கப்பட்டார்கள். காட்டின் ஒவ்வொரு தடமும் அறிந்தவர்கள் காவலுக்கு நின்றபின் திருட்டு ஒடுங்கியது. தமிழ்நாட்டில் ஆனைமலையின் மேல் உள்ள வால்பாறையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் நடமாடுகின்றன. அங்கே இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவருடைய குழுவினரும், யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும் உயரத்தில் ஒளிரும் சிவப்பு விளக்குகளாலும் தொழிலாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் முறையை நிறுவினார்கள். எங்கே யானை நிற்கிறது என்று தெரிந்தவர் அந்த வழியில் போகமாட்டார். இந்த எளிய உண்மையால் உயிர்ச்சேதம் குறைந்தது. இரண்டு இடங்களிலும் ஊர்மக்கள் பாதுகாப்பின் பங்காளிகளாக நடத்தப்பட்டார்கள். வேலையும் தகவலும் அவர்கள் கைக்கு வந்தன.

நுழைவு வருமானத்தில் பங்கு கேட்பதற்கு எழும் முதல் மறுப்பு கணக்கு சார்ந்தது. வஸ்கமுவவுக்கு வரும் பயணிகள் குறைவு. அந்தச் சிறு வருமானத்தைப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பார்கள். பங்கை ஒவ்வொரு பூங்காவின் வாயிலோடும் கட்டிப்போட்டால் இந்த மறுப்பு செல்லும். ஆகவே அப்படிக் கட்டக்கூடாது. யால, உடவளவை, மின்னேரியா, ஹோர்ட்டன் சமவெளி உட்பட எல்லாத் தேசியப் பூங்காக்களின் நுழைவு வருமானத்திலிருந்தும் ஒரு பங்கை ஒரே நிதியில் சேர்த்து, இழப்பின் அளவுக்கேற்ப ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். யாலவில் சிறுத்தையைப் பார்க்கும் பயணி, வில்கமுவவின் வேலிக்கும் ஒரு கம்பி கொடுப்பார். 2024-இல் 20 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டுப் பயணிகள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களை அழைக்கும் விளம்பரங்களில் யானை முன்னால் நிற்கிறது. உள்நாட்டு மக்களும் கொடுக்கத் தயங்குபவர்கள் அல்லர். பொருளியலாளர்கள் ரஞ்சித் பண்டாரவும் கிளெம் டிஸ்டெலும் கொழும்பு நகரவாசிகளிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், யானையைக் காக்க மக்கள் மனமுவந்து தரத் தயாராயிருக்கும் தொகை, விவசாயிகளின் சேதத்தை ஈடுசெய்யப் போதுமானது என்று கண்டார்கள். பணம் இருக்கிறது, மனமும் இருக்கிறது. அதை ஊருக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்தான் வெட்டப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. யானையின் நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கே பணமா, அது இன்னும் பலரைக் காட்டுக்குள் இழுக்காதா என்று கேட்கிறார்கள். யானைமீது உண்மையான அன்புள்ளவர்கள் கேட்கும் கேள்வி என்பதால் இதற்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். அண்மையில் காட்டை வெட்டிப் பிடித்த நிலத்துக்கும், அரசே அளந்து கொடுத்த நிலத்துக்கும், தலைமுறைகளாக உழப்படும் வயலுக்கும் வேறுபாடு உண்டு. எல்லைக்கோட்டை ஒரு குறித்த நாளோடு பதிவுசெய்து, அதற்குப் பின் வெட்டப்படும் காட்டுக்குப் பங்கு இல்லை என்று சட்டத்திலேயே எழுதலாம். அப்படி எழுதினால் பங்கு பெறும் ஊரே புதிய ஆக்கிரமிப்பை எதிர்க்கும் முதல் குரலாக மாறும். தன் பங்கைக் குறைக்க வருபவரை எந்த ஊரும் வரவேற்காது. பெரும் பரப்பில் காட்டைத் துப்புரவாக்கும் செல்வாக்குள்ளவர்களை இன்று தட்டிக்கேட்க ஊரில் ஆளில்லை. தட்டிக்கேட்பதால் ஊருக்கு ஒரு பயனும் இல்லாதிருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

பணம் யானையை நிறுத்துமா என்பது மூன்றாவது கேள்வி. வெறும் கைப்பணமாகக் கொடுத்தால் நிறுத்தாது. யானையால் ஓர் உயிர் போனால் அரசு இப்போது 10 இலட்சம் ரூபா இழப்பீடு கொடுக்கிறது. அது வேண்டியதே, ஆனாலும் இழவு விழுந்தபின் வரும் பணம் அது. பங்குப் பணம் இழவு விழுவதற்கு முன் செலவாக வேண்டும். குருநாகல் மாவட்டத்தின் கல்கமுவவில் வழி கண்டிருக்கிறார்கள். அங்கே பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் ஆய்வு மையத்தின் துணையோடு, ஊர்மக்களே ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் மின்வேலி போட்டுப் பராமரிக்கிறார்கள். வயல்வேலியை விதைப்பின்போது கட்டி, அறுவடைக்குப் பின் கழற்றிவிடுகிறார்கள். தரிசான வயலில் யானை மேய்ந்துபோகிறது; யாருக்கும் நட்டமில்லை. பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 டிசெம்பரில் அரசுக்குக் கையளித்த, மனித-யானைப் பிணக்கைத் தணிப்பதற்கான தேசியச் செயற்றிட்டத்தின் மையக் கருத்தும் இதுவே. வில்கமுவப் பகுதியிலேயே ஒரு தொண்டு நிறுவனம் தோடை மரங்களை வீட்டுத் தோட்ட ஓரங்களில் நட உதவியது. யானை விரும்பாத மரம் அது. விளைந்தால் விவசாயிக்கு வருமானம். யானை கடக்கும் காட்டுப் பாதை வழியே பாடசாலைப் பிள்ளைகளையும் ஊர்மக்களையும் பத்திரமாக ஏற்றிச் செல்ல அந்த நிறுவனமே ஒரு பஸ்ஸையும் ஓட்டியது. ஒரு பஸ் செய்த நன்மையை எண்ணிப் பாருங்கள். நன்கொடை நின்றால் இவையும் நின்றுவிடும். நன்கொடையை நம்பி நிற்கும் இந்த வழிகளை நிலையான நிதியோடு இணைப்பதுதான் பங்கு கேட்பதன் பொருள்.

பணம் ஊருக்குப் போகும் வழியில் காணாமல் போகாதா, அரசியல்வாதிகளின் ஆட்கள் குழுக்களைக் கைப்பற்ற மாட்டார்களா என்பது நான்காவது ஐயம். நம் நாட்டு அனுபவத்தில் இதை வீண் ஐயம் என்று ஒதுக்க முடியாது. அதற்கான காப்பு, கணக்கைப் பகிரங்கமாக வைப்பதுதான். எவ்வளவு வந்தது, எந்த வேலிக்குச் செலவானது, எத்தனை நாள் அந்த வேலியில் மின்சாரம் ஓடியது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி, பிரதேச செயலக வாசலிலும் விவசாயச் சங்கக் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். குழுக்களில் பெண்களுக்குப் பாதி இடம் வேண்டும். யானை வீட்டை இடிக்கும் இரவில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடுபவர்கள் அவர்கள்தான். கணக்காய்வாளர் நாயகம் ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும். திருட்டுக்கு வாய்ப்புண்டு என்பதற்காகப் பாடசாலைகளுக்கோ வைத்தியசாலைகளுக்கோ நாம் நிதி கொடுக்காமல் இருப்பதில்லை. காவல் வைத்துக் கொடுக்கிறோம். இங்கேயும் அதையே செய்ய வேண்டும்.

வருமானம் ஊருக்குப் பங்காகும் என்றால் எல்லோரும் கூட்டத்தைக் கூட்டவே பார்ப்பார்கள், வஸ்கமுவவும் இன்னொரு யாலவாகிவிடும் என்ற அச்சமும் உண்டு. அது நடந்தால் வாதமே தோற்றுப்போகும். ஒரு சிறுத்தையைச் சுற்றி வண்டிகள் குவிவது பார்வையுமல்ல, பாதுகாப்புமல்ல. எல்லையைச் சட்டம் போட வேண்டும். மூணாறுக்கு மேலுள்ள இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு குட்டி ஈனும் பருவத்தில் பூங்காவையே மூடிவிடுகிறார்கள். பயணிகள் ஒரு குறித்த பகுதிக்குள் மட்டும், பூங்காவின் வாகனங்களிலேயே போய்வர முடியும். அப்படியும் மக்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கட்டுப்பாடு பயணிகளை விரட்டுவதில்லை; பார்க்கும் அனுபவத்தின் தரத்தைக் காக்கிறது. வஸ்கமுவவில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள், யானைக்கும் வண்டிக்கும் இடையே இவ்வளவு தூரம், வழிகாட்டியும் சாரதியும் வில்கமுவப் பிரதேசத்தவர் என்று இப்போதே விதித்தால், கூட்டம் பெருகிய பின் திருத்தும் சிரமம் இராது.

இது சிங்கள விவசாயக் கிராமங்களின் கதை, நமக்கென்ன என்று தமிழ் வாசகர் எவரும் எண்ணக்கூடாது. மட்டக்களப்பின் படுவான்கரையில் இதே பரண், இதே விழிப்பு, இதே இடிந்த சுவர். வன்னியிலும் திருகோணமலையிலும் அம்பாறையிலும் இதே கதை. யானைக்கு மாகாண எல்லையும் தெரியாது, மொழியும் தெரியாது. வில்கமுவவுக்கு ஓர் உரிமை சட்டமானால் அது வெல்லாவெளிக்கும் வவுணதீவுக்கும் சேர்த்தே சட்டமாகும். வடகிழக்கின் மக்கள் பிரதிநிதிகளும் மாத்தளையின் பிரதிநிதிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்கக்கூடிய கோரிக்கைகள் இந்த நாட்டில் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

ஆகவே அரசிடம் கேட்பது தெளிவானது. எல்லாத் தேசியப் பூங்காக்களின் நுழைவு வருமானத்தில் குறைந்தது 30 வீதத்தை எல்லைக் கிராமங்களின் உரிமையாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் கொண்டுவாருங்கள். அந்தப் பணத்தை ஊர்வேலிக்கும், முன்னறிவிப்புக்கும், பிள்ளைகளின் பயணத்துக்கும், தாமதமின்றிக் கிடைக்கும் இழப்பீட்டுக்கும் செலவிடுங்கள். பயணியிடம் கேட்பதும் ஒன்று உண்டு. வஸ்கமுவவுக்குப் போகும்போது ஊர்க்காரர் வீட்டில் தங்குங்கள், ஊர்க்கடையில் சாப்பிடுங்கள், ஊர் வழிகாட்டியை அமர்த்துங்கள். திரும்பும் வழியில் வயலோரத்துப் பரணையும் ஒரு முறை நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் கண்ட யானை இன்றும் உயிரோடிருப்பதற்கு, அந்தப் பரணில் இருப்பவரின் பொறுமையும் ஒரு காரணம். அந்தப் பொறுமைக்கு விலை கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.